டார்ச் அடிச்சுப் பார்த்தாச்சு, அப்புறம்?

மொதல்லயே டிஸ்கி போட்டுடறேன். நான் டாக்டர் இல்லை. பொறியியல் படிச்சுட்டு பொட்டி தட்டுறவன். யாருக்கும் மருந்து சொல்ற தகுதி எனக்கு சுத்தமா கிடையாது, இந்தப் பதிவுல சொல்லப்போறதும் இல்லை. ஆனா ஒரு பிழையோட காரணத்தை எப்படித் தேடணும், எப்ப "காரணம் கெடச்சிருச்சு"ன்னு சொல்லலாம், எப்ப சொல்லக்கூடாது.. இதுக்குத்தான் எனக்கு மாசாமாசம் சம்பளம் தர்றாங்க. அந்த உரிமையில ஒரு சண்டை போடப்போறேன். சண்டை ஆள்கூட இல்லை, ஒரு வார்த்தைகூட. அந்த வார்த்தை "டார்ச்".

தெரியாதவங்களுக்கு: கருவில இருக்கும்போது அம்மாகிட்டேர்ந்து குழந்தைக்குத் தொத்தக்கூடிய சில கிருமிகளோட ஆங்கிலப் பெயர்களின் முதல் எழுத்துகளைக் கோத்தா வர்ற சுருக்கம் இது. டாக்ஸோபிளாஸ்மா, 'இதர' (இதுக்குள்ள சிபிலிஸ்லேர்ந்து சின்னம்மை வரைக்கும் அடைச்சிருக்காங்க), ருபெல்லா, சைட்டோமெகலோ வைரஸ், ஹெர்பிஸ். 1971-ல ஆண்ட்ரே நாமியாஸ்ங்கிற அமெரிக்கக் குழந்தை மருத்துவரும் கூட்டாளிகளும் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பேர். பொறந்த குழந்தைக்குத் தலை சின்னதா இருக்கு, காமாலை, கல்லீரலும் மண்ணீரலும் வீக்கம், பிளேட்லெட் கம்மி, ஸ்கேன்ல மூளைக்குள்ள கால்சியம் புள்ளிகள்.. இப்படி வந்தா இந்தக் கிருமிகள்ல ஏதாவது ஒண்ணான்னு பாருங்கப்பான்னு ஒரு ஞாபகக் குறிப்பு. அவ்வளவுதான். தேட ஆரம்பிக்கிறதுக்கான குறிப்பு. நம்ம பக்கம் அது தேடலே நடக்காம எழுதுற விடையா மாறிப்போச்சு. இதுதான் என் பிராது.

எங்க தெருவுல ஒரு அண்ணன். கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஷிஃப்ட் வேலை. அக்கா மகளைக் கட்டினவர். மூத்த குழந்தை பொறந்து ரெண்டு மூணு மாசத்துலேர்ந்தே ஓயாத அழுகை, காரணம் தெரியாத ஜுரம். தலை வளரலை, கழுத்து நிக்கலை. சி.டி. ஸ்கேன்ல மூளைக்குள்ள கால்சியம் படிவு. ஒரு ஆஸ்பத்திரியில (பேர் வேண்டாம், எந்த ஆஸ்பத்திரியா இருந்தாலும் கதை இதேதான்) டார்ச் டெஸ்ட் எடுத்தாங்க. "தம்பி, நீ கம்ப்யூட்டர்ல பார்த்து என்னன்னு சொல்லேன்"னு அண்ணன் ஃபைலைக் கையில கொடுத்தப்பதான் நான் அதைப் பார்த்தேன். ருபெல்லா ஐஜிஜி பாசிட்டிவ். சி.எம்.வி. ஐஜிஜி பாசிட்டிவ். ஐஜிஎம் வரிசை மேலேர்ந்து கீழே வரைக்கும் நெகட்டிவ். அதுக்குக் கீழே பேனாவால ஒரே வரி: பிறவித் தொற்று.

அந்த ஒரு வரி வீட்டுக்குள்ள போய் என்ன வேலை பார்த்துச்சுன்னு சொல்லணும். மாசமா இருக்கும்போது பூனையைத் தொட்டியா. வெளிச்சாப்பாடு சாப்பிட்டியா. அஞ்சாம் மாசம் ஜுரம் வந்துச்சே, ஏன் சொல்லலை. மாமியார் கேட்டாங்க (மாமியார்னா யாரு, சொந்தப் பாட்டி!). அக்கம்பக்கம் கேட்டுச்சு. கடைசியில அந்த அக்கா தன்னைத்தானே கேட்டுக்க ஆரம்பிச்சிட்டாங்க. இன்னொரு பக்கம், "தொத்துதானே, திரும்ப வராது, அடுத்தது நல்லாப் பொறக்கும்"னு எல்லாரும் தைரியம் சொன்னாங்க. மூத்தது ரெண்டு வயசு முடியறதுக்குள்ள போயிருச்சு. ரெண்டாவது பொறந்து நாலாம் மாசம், அதே அழுகை, அதே ஜுரம், அதே ஸ்கேன். இப்பதான் ஒரு டாக்டரம்மா பழைய ஃபைலையும் புது ஃபைலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்துட்டு, "இது தொத்து மாதிரி எனக்குத் தெரியலை, ஜீன் பரிசோதனை பண்ணிடுவோம்"னு சொல்லியிருக்காங்க. ரத்தம் போயிருக்கு. நான் இதை எழுதற வரைக்கும் ரிப்போர்ட் வரலை. வந்து அது வேற எதையாவது காட்டினாலும் இந்தப் பதிவுல ஒரு எழுத்தை மாத்த வேண்டியிருக்காது, ஏன்னா என் கேள்வி விடையைப் பத்தினது இல்லை. முதல் தடவை ஏன் யாருமே தேடலைங்கறதைப் பத்தினது.

நம்ம ஆணி புடுங்குற மக்களுக்கு இது ரொம்பப் பழகின சீன்தான். ப்ரொடக்‌ஷன்ல ஒரு பிழை. லாக் ஃபைலைத் திறந்து நாலு வரி பார்த்துட்டு, "நம்ம கோட்ல ஒண்ணும் இல்லை சார், என்விரான்மென்ட் இஷ்யூ"ன்னு எழுதி டிக்கெட்டை மூடிடுவாங்க. எல்லாருக்கும் நிம்மதி. அடுத்த ரிலீஸ்ல அதே பிழை அதே இடத்துல வந்து நிக்கும். வெளியேர்ந்து வந்த கிருமின்னா அது என்விரான்மென்ட். அப்பா அம்மாகிட்டேர்ந்து வந்த ஜீன்ல இருக்கற எழுத்துப்பிழைன்னா அது கோட். ரெண்டும் காட்டற எரர் மெசேஜ் ஒண்ணுதான். எரர் மெசேஜை மட்டும் பார்த்துக் காரணம் சொல்றவனை எந்த டீம் லீடும் ஒத்துக்கமாட்டார். ஒரு குழந்தைக்கு மட்டும் எப்படி ஒத்துக்கறோம்?

இப்ப அந்த ரிப்போர்ட்டுக்கு வருவோம். ஐஜிஜி, ஐஜிஎம் ரெண்டும் நோய் எதிர்ப்புப் புரதங்கள். ஐஜிஎம்னா பொதுவா சமீபத்திய தொத்துக்கு அடையாளம். ஐஜிஜின்னா எப்பவோ வந்து போனதோட ஞாபகம். நம்ம நாட்டுல பெரியவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு சி.எம்.வி. சின்ன வயசுலயே சத்தமில்லாம வந்து போயிருக்கும். அதனால ஐஜிஜி பாசிட்டிவ் வராட்டித்தான் ஆச்சரியம். ருபெல்லா இன்னும் கூத்து. தடுப்பூசி போட்டாலே ஐஜிஜி பாசிட்டிவ் வரும், வரணும், அதுக்குத்தானே ஊசி! 2017 பிப்ரவரியில தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி முகாம் ஆரம்பிச்ச முதல் மாநிலங்கள்ல தமிழ்நாடும் ஒண்ணு. 9 மாசத்துலேர்ந்து 15 வயசு வரைக்கும் போட்டாங்க. (அப்ப வாட்ஸப்ல கிளம்பின வதந்திகளை நினைச்சா இன்னிக்கும் பத்திக்கிட்டு வருது. அதுக்குத் தனிப் பதிவு வேணும்.) அன்னிக்கு ஊசி போட்டுக்கிட்ட பள்ளிக்கூடப் பொண்ணுங்கள்ல பலர் இன்னிக்கு அம்மாக்கள். அவங்க ரத்தத்துல ருபெல்லா ஐஜிஜியைப் பார்த்துட்டு "தொத்து இருக்கு"ன்னு சொல்றது, தீயணைப்பு வண்டியைப் பார்த்துட்டு இந்த வீட்டுக்குத் தீ வெச்சது இதுதான்னு சொல்ற மாதிரி.

குழந்தையோட ரத்தத்துல ஐஜிஜி இருந்தா? அது அம்மாவோடதா இருக்கலாம். ஐஜிஜி நஞ்சுக்கொடி தாண்டிக் குழந்தைக்குப் போகும், பல மாசம் அங்கேயே இருக்கும். ஐஜிஎம் தாண்டாது. அதனால குழந்தைக்கிட்ட ஐஜிஎம் இருந்தா கவனிக்கணும், அதுலயும் பொய் பாசிட்டிவ் உண்டு. சி.எம்.வி.யை உருப்படியாக் கண்டுபிடிக்கிற வழி வேற: பொறந்து 21 நாளுக்குள்ள குழந்தையோட மூத்திரத்துலயோ எச்சில்லயோ பி.சி.ஆர். பண்ணி வைரஸையே தேடறது. எச்சில்ல வந்தா தாய்ப்பால்லேர்ந்து ஒட்டினதா இருக்கலாம்னு மூத்திரத்துல உறுதிப்படுத்துவாங்க. 21 நாள் தாண்டிட்டா, கருவிலயே வந்ததா, பொறந்தப்புறம் தாய்ப்பால் வழியா வந்ததான்னு பிரிக்கறது கஷ்டம். ஆக நாலாம் மாசத்துல எடுத்த டார்ச் ரிப்போர்ட் எதையும் நிரூபிக்கலை. காகிதம் மட்டும் மிச்சம்.

"அப்ப தொத்தே இல்லைங்கறியா?"ன்னு யாரும் பின்னூட்டத்துல சாத்த வேண்டாம். அப்படிச் சொல்லவே இல்லை. பிறவி சி.எம்.வி. அபூர்வமே கிடையாது. அமெரிக்காவுலயே கிட்டத்தட்ட 200 குழந்தைக்கு ஒண்ணு அதோட பொறக்குது. பரம்பரைக் கோளாறுகள் அதைவிடப் பல மடங்கு அரிது. அதனால முதல்ல தொத்தைத் தேடறது முழுக்க நியாயம். தேடி, ஒழுங்கா, சரியான டெஸ்ட்ல, சரியான நேரத்துல. கெடச்சா சரி. கெடைக்கலைன்னா "தொத்துதான், ஆனா கெடைக்கலை"ன்னு எழுதறதுக்குப் பேர் நோயறிதல் இல்லை, நம்பிக்கை.

இனிமேதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச (பிடிச்சன்னு சொல்லலாமான்னு தெரியலை) பகுதி. 1984-ல பிரான்ஸ்ல ழான் எகார்டி, பிரான்சுவாஸ் கூத்தியேன்னு ரெண்டு குழந்தை நரம்பியல் மருத்துவர்கள், அஞ்சு குடும்பத்துல எட்டு குழந்தைகளைப் பத்தி எழுதினாங்க. மூளையோட ஆழத்துல கால்சியம் படிவு, தண்டுவட நீர்ல வெள்ளணுக்கள் அதிகம். பார்த்தா அப்படியே தொத்து. ஆனா கிருமி எதுவும் இல்லை. அதோட ஒரே வீட்டுல ஒண்ணுக்கு மேல. 1988-ல பியேர் லெபோன்ங்கிறவர் இந்தக் குழந்தைகளோட தண்டுவட நீர்ல இன்டர்ஃபெரான் அதிகமா இருக்கறதைக் கண்டார். இன்டர்ஃபெரான்ங்கறது வைரஸ் உள்ளே வந்தா உடம்பு அடிக்கிற அபாய மணி. வைரஸ் இல்லை, ஆனா மணி மட்டும் அடிச்சிக்கிட்டே இருக்கு! ஏன்னு தெரிய 2006 வரைக்கும் ஆச்சு. யானிக் குரோவும் கூட்டாளிகளும் முதல் ஜீன்களைப் பிடிச்சாங்க. அதுல ஒண்ணு ட்ரெக்ஸ்1. செல்லுக்குள்ள உதிர்ந்து கிடக்கற டி.என்.ஏ. துணுக்குகளைக் கூட்டிப் பெருக்கற நொதியை உண்டாக்கற ஜீன். துப்புரவு நின்னுபோனா அந்தக் குப்பையைப் பார்த்து, "ஐயோ வைரஸ் டி.என்.ஏ.!"ன்னு செல் மணியடிக்குது. மணி நிக்கவே நிக்காததால சொந்த மூளையே சேதமாகுது.

2010 ஏப்ரல்ல மெக்காஃபி ஆன்டிவைரஸ் ஒரு அப்டேட் அனுப்பிச்சு ஞாபகம் இருக்கா? விண்டோஸ் எக்ஸ்.பி.யோட சொந்த ஃபைலையே வைரஸ்னு நினைச்சுப் பூட்டி வெச்சதுல உலகம் பூரா கம்ப்யூட்டர்கள் மறுபடி மறுபடி ரீஸ்டார்ட் ஆகி விழுந்துச்சே. அதேதான். இதுல டாக்டர் மட்டும் ஏமாறலை. உடம்பே ஏமாந்துபோய்த்தான் இந்த நோயே வருது. எகார்டி-கூத்தியே சிண்ட்ரோம்னு பேர். 2020 வரைக்கும் ஒன்பது ஜீன்கள் கண்டுபிடிச்சாச்சு.

கனடாவுல கியூபெக் மாகாணத்தோட வடக்குப் பகுதியில கிரீ பழங்குடி மக்கள் குழந்தைகளுக்கு இதே மாதிரி ஒரு நோய் இருந்துச்சு. 1988-ல பதிவானப்ப வெச்ச பேர் "கிரீ மூளை அழற்சி". பேரைக் கேட்டா என்ன தோணும்? கிருமிதானே. 2003-லதான் அதுவும் எகார்டி-கூத்தியேவும் ஒரே ஜீன் கோளாறுன்னு தெரிஞ்சுது. பேர் வெச்சுட்டாப் போதும், அப்புறம் பேரே காரணமாயிடுது.

இது ஒண்ணு மட்டும் இல்லை. ஓக்லுடின்னு ஒரு புரதத்தோட ஜீன் பழுதானா மூளை மடிப்புகள் ஒழுங்கா உருவாகாம, பட்டை பட்டையாக் கால்சியம் படியும். 2010-ல கண்டுபிடிச்சாங்க. 1983-லயும் 1994-லயும் மருத்துவ இதழ்கள்ல "தொத்து மாதிரியே இருக்கு, ஆனா அண்ணன் தம்பிக்கெல்லாம் வருது"ன்னு எழுதி வெச்ச குடும்பங்கள் இருக்கு. இந்தக் கூட்டத்துக்கே "போலி டார்ச்"னுதான் பேர். ஆர்.என்.ஏ.ஸ்.டி2 ஜீன் பழுதானா எம்.ஆர்.ஐ.ல பிறவி சி.எம்.வி. மாதிரியே படம் வரும். பரம்பரையா வர்ற ஒரு வகை ரத்தணு விழுங்கும் நோய் இருக்கு. ஜுரம், மண்ணீரல் வீக்கம், அணுக்கள் குறைவு, அப்படியே செப்சிஸ். அதுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை உண்டு, நேரத்துக்குக் கண்டுபிடிச்சா.

இந்தப் பட்டியல்ல எனக்கு ரத்தம் கொதிக்கறது ஒண்ணுல. கேலக்டோசீமியா. பால்ல இருக்கற சர்க்கரையை உடைக்கற நொதி இல்லாம பொறக்கற குழந்தை. தாய்ப்பால் குடிக்கக் குடிக்க விஷமாகும். முதல் வாரத்துலயே வாந்தி, காமாலை, கல்லீரல் வீக்கம். கண்ணுல புரை. புரையும் கல்லீரலும் சேர்ந்து வந்தா மனசு எங்கே போகும்? ருபெல்லாவுக்குத்தான். இது போதாதுன்னு இந்தக் குழந்தைகளுக்கு ஈ.கோலை கிருமித் தொத்தும் சுலபமா வந்துடும். ஆக நெசமாவே கிருமி கெடைக்கும், "பார்த்தியா, தொத்துதான்"னு எல்லாரும் திருப்தியாயிடுவாங்க. இதுக்கு முதல் வைத்தியம் என்ன தெரியுமா? பாலை நிறுத்திட்டு சோயா பவுடர் கொடுக்கறது. சந்தேகம் வர்றதுக்கு என்ன வேணும்? பிளஸ் டூ கெமிஸ்ட்ரி லேப்ல நாம எல்லாரும் சூடு பண்ணின பெனடிக்ட் கரைசல். மூத்திரத்தைப் போட்டு சூடு பண்ணினா நிறம் மாறும், ஆனா குளுக்கோஸ் ஸ்டிரிப்ல ஒண்ணும் காட்டாது. அப்ப அங்கே குளுக்கோஸ் இல்லாத வேற ஏதோ சர்க்கரை இருக்குன்னு அர்த்தம். அதுலேர்ந்து நொதி அளவுப் பரிசோதனைக்குப் போகலாம். பெனடிக்ட் நூறு சதவீதம் நம்பகமானது இல்லை, வேற காரணத்துக்கும் நிறம் மாறும். ஆனா ஆயிரக்கணக்குல செலவழிச்சு ஐஜிஜி எடுக்கற இடத்துல, சில ரூபா கரைசலுக்கு இடம் இல்லாமப் போறது ஏன்?

சரி, எதிர்க்கட்சி வாதத்துக்கு வருவோம். இதை நான் பேசின ரெண்டு மூணு பேரும் ஒரே குரல்ல சொன்னது: "தெரிஞ்சு என்ன ஆகப்போகுது தம்பி? மருந்தா இருக்கு? பேர் மாறும், விதி மாறாது." கேக்க ஞானம் மாதிரி இருக்கும். எனக்கு இதைவிடக் கோபம் வர்ற வாக்கியம் கிடையாது.

மருந்து உள்ளது சிலதுக்கு உண்டுன்னு மேல சொல்லியாச்சு. மருந்து இல்லாததா நினைச்சிருந்த எகார்டி-கூத்தியேவுக்கே 2020-ல பாரிசிட்டினிப்ங்கிற மாத்திரையை 35 பேருக்குக் கொடுத்துப் பார்த்ததைப் பிலடெல்பியாவுலேர்ந்து வெளியிட்டாங்க. மூட்டுவாதத்துக்கு வந்த மாத்திரை, அந்த அபாய மணியோட சத்தத்தைக் குறைக்குது. குணமாக்கலை. சிலர் அதுவரைக்கும் செய்யாத சிலதைச் செய்ய ஆரம்பிச்சாங்க, அவ்வளவுதான். கழுத்து நிக்காத குழந்தையோட அம்மாவுக்கு "அவ்வளவுதான்"ங்கறது எவ்வளவுன்னு அவங்களைக் கேளுங்க. அப்புறம் தப்பா சி.எம்.வி.ன்னு முத்திரை குத்தினா அதுக்கான வைரஸ் மருந்தை ஆறு மாசம் கொடுப்பாங்க. அது வெள்ளணுக்களைக் குறைக்கற மருந்து. இல்லாத வைரஸுக்கு இருக்கற வெள்ளணுவைக் காவு கொடுக்கறது எந்த ஊர் நியாயம்?

ஆனா நான் சண்டைக்கு நிக்கறது அடுத்த குழந்தைக்காக. பிறவி டாக்ஸோபிளாஸ்மா ஒரே அம்மாவுக்கு ரெண்டாவது தடவை வர்றது அபூர்வத்துலயும் அபூர்வம். அதனாலதான் "திரும்ப வராது"ன்னு தைரியம் சொல்றாங்க. நான் சொன்ன கோளாறுகள்ல பெரும்பாலானது, அப்பா அம்மா ரெண்டு பேரும் ஆளுக்கொரு பழுதான பிரதியை வெச்சிருக்கறதால வர்றது. ரெண்டு பேரும் ஆரோக்கியமா இருப்பாங்க. ஒவ்வொரு கர்ப்பத்துலயும் நாலுக்கு ஒண்ணு வாய்ப்பு. "ஒண்ணு பொறந்தாச்சு, இனி மூணு பத்திரம்"னு கணக்கு இல்லை, ஒவ்வொரு தடவையும் புதுசா நாலுக்கு ஒண்ணு. ஆக, தப்பான முத்திரை வெறும் தப்பான பேர் இல்லை. அது தப்பான தைரியம். ஜீன்ல எந்த எழுத்துன்னு முதல் குழந்தையில தெரிஞ்சிருந்தா, அடுத்த கர்ப்பத்துல 11 வாரத்துலேர்ந்து நஞ்சுக்கொடித் துணுக்கை எடுத்துப் பார்க்கலாம். பரம்பரை நோய்க்காகக் கருவைச் சோதிக்க 1994 சட்டம் இடம் கொடுக்குது (அது தடுக்கறது ஆணா பொண்ணான்னு பார்க்கறதை). கருவுக்குக் கடுமையான கோளாறு இருந்தா 24 வாரம் வரைக்கும் முடிவெடுக்க 2021 திருத்தம் வழி விடுது. கருவை வெச்சுக்கறதா வேண்டாமாங்கறது அந்தக் குடும்பத்தோட இஷ்டம், அதுல நான் மூக்கை நுழைக்கலை. தெரிஞ்சு முடிவெடுக்கற உரிமையைப் பேனாவால ஒரு வரி எழுதிப் பறிக்காதீங்கன்றேன்.

இங்கே நம்ம முற்போக்குப் பதிவர்களுக்கும் ஒரு குட்டு. "ஜீன்"னு சொன்ன அடுத்த நிமிஷம், "நாங்க அப்பவே சொன்னோம், சொந்தத்துல கட்டாதேன்னு"ன்னு கிளம்பிடாதீங்க. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டுல நாலுல ஒண்ணுக்கு மேல சொந்தத்துலதான் கல்யாணம். மாமனும் அக்கா மகளும்னா ஜீன்ல சராசரியா நாலுல ஒரு பங்கு பொதுவா இருக்கும், அத்தை மகன் மாமன் மகள்னா எட்டுல ஒரு பங்கு. ஒரே பழுது ரெண்டு பக்கமும் இருக்கற வாய்ப்பு கூடும், உண்மை. ஆனா சொந்தத்துல கட்டினவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஆரோக்கியமான குழந்தைங்கதான். சொந்தமே இல்லாதவங்களுக்கும் இந்தக் கோளாறுகள் வருது, சில வகை அப்பா அம்மா யார்கிட்டயும் இல்லாமப் புதுசாவும் முளைக்குது. "சொந்தமா?"ங்கற கேள்வி துப்பு, தீர்ப்பு இல்லை. இதுல எனக்கு வேடிக்கையாப் படறது என்னன்னா, அந்தக் கேள்வியை நம்ம ஊர்ல கிட்டத்தட்ட எல்லா டாக்டரும் கேக்கறாங்க. அண்ணன் ஃபைல்லயும் முதல் பக்கத்துலயே "ஆம், மாமன்"னு எழுதியிருக்கு. எழுதிட்டு, அதுக்கும் கடைசிப் பக்கத்துக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி டார்ச் அடிச்சிருக்காங்க. இன்புட் வாங்கி வேலிடேட் பண்ணாத ஃபார்ம்!

அதோட பூனையைக் குத்தம் சொன்ன வாய், ஜீன்னு சொன்னா அடுத்த நாளே "உங்க வம்சத்துல கோளாறு"ன்னு அந்தப் பொண்ணு பக்கமே திரும்பும். இந்த விஷயத்துல வம்சம் ஒண்ணுதான்னாலும் திரும்பும், பாருங்க. ஆளுக்குப் பாதிங்கறது கணக்கு. இதை டாக்டர் வீட்டுப் பெரியவங்க முன்னாடி சத்தமாச் சொல்லணும், ஆணைப் பக்கத்துல உக்காரவெச்சு.

எங்க பக்கம் இன்னொரு திசைதிருப்பலும் உண்டு: சிப்காட் புகை. எதுன்னாலும் புகை. புகைமேல எனக்கும் நூறு புகார் இருக்கு. விடிகாலையில மொட்டை மாடிக் கொடியில துணி காயப்போட்டுப் பாருங்க தெரியும். அது வேற சண்டை, பலமான சண்டை. அந்தச் சண்டைக்கு இந்தக் குழந்தையை சாட்சிக்கு இழுத்தா, நாளைக்கு ஜீன் ரிப்போர்ட் வந்த அன்னிக்கு ரெண்டு வழக்கும் தோத்துப்போகும்.

நடைமுறை என்னன்னும் சொல்லணும். நம்ம மாவட்டத் தலைநகர் திருவள்ளூர். 2022 ஜனவரியில அங்கே அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாச்சு, சந்தோஷம். ஆனா கும்மிடிப்பூண்டியிலேர்ந்து திருவள்ளூருக்கு நேரா ரயில் கிடையாது. பேசின் பிரிட்ஜ் பக்கம் போய் அரக்கோணம் வண்டி மாறணும், இல்லாட்டி பெரியபாளையம் வழியா பஸ்ஸு. அதுக்கு எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையே கிட்டக்கன்னு ஜனம் மெட்ராஸுக்குத்தான் ஓடுது. கைக்குழந்தையோட, ஒரு நாள் கூலியை விட்டுட்டு. சிப்காட்ல பாதிப் பேர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட்காரங்க. அவங்களுக்கு இதுல பாஷையும் ஒரு மதில். 2021-ல மத்திய அரசு அபூர்வ நோய்க் கொள்கை கொண்டுவந்தப்ப அறிவிச்ச முதல் எட்டு சிறப்பு மையங்கள்ல தமிழ்நாட்டு ஊர் ஒண்ணு கூட இல்லை. ஹைதராபாத் இருந்துச்சு, பெங்களூர் இருந்துச்சு. மருத்துவத் தலைநகர்னு நாம நெத்தியில ஒட்டிக்கிட்டுத் திரியறோம்.

ஆனா தூரம் ஒரு சாக்கு இல்லை. குழந்தைதான் பயணம் பண்ணமுடியாது, ரத்தம் பண்ணும். தடிமனான வடிதாள் அட்டை ஒண்ணு, குதிகால்லேர்ந்து நாலு சொட்டு ரத்தம், காயவெச்சு உறையில போட்டா தபால்லயே போகும். பல நாடுகள்ல பொறக்கற ஒவ்வொரு குழந்தைக்கும் இதைப் பண்றாங்க. கேலக்டோசீமியா மாதிரி சிலதை முதல் வாரத்துலயே பிடிக்க அதே அட்டை. அந்த அட்டையை எடுத்து வெச்சா மாசக்கணக்குல கழிச்சும் சி.எம்.வி. இருந்துச்சான்னு தேடலாம் (இல்லைன்னு வந்தா முழுசா நம்பமுடியாது, ஆனா இருக்குன்னு வந்தா பெரிய ஆதாரம்), ஜீனையும் பார்க்கலாம். நம்ம நாட்டுல எல்லாக் குழந்தைக்குமான தேசியத் திட்டம் இன்னும் இல்லை, கேரளா, கோவா மாதிரி சில மாநிலங்கள் தாங்களாவே ஆரம்பிச்சாங்க. அண்ணனோட மூத்த குழந்தைகிட்டேர்ந்து ஒரு சொட்டு கூட யார்கிட்டயும் மிச்சம் இல்லை. அது எதனால போச்சுன்னு அதோட தம்பி ரத்தத்தை வெச்சு ஊகிக்கத்தான் முடியும்.

ஜீன் பரிசோதனை விலை பத்தாயிரங்கள்ல இருக்கு. ஷிஃப்ட் சம்பளத்துல அது மலை. ரிசல்ட் சில சமயம் "மாற்றம் இருக்கு, அர்த்தம் தெரியலை"ன்னும் வரும். எல்லாருக்கும் எடுங்கன்னு நான் சொல்லலை. சொந்தத்துல கல்யாணம், இல்லை ஏற்கெனவே ஒரு குழந்தை இதே மாதிரி, இல்லை தொத்துக்கான சரியான டெஸ்ட்ல ஒண்ணும் வரலை.. இதுல ஒண்ணு இருந்தாக்கூட ஃபைல்ல "பிறவித் தொற்று"ன்னு எழுதற கை ஒரு நிமிஷம் நிக்கட்டும். "காரணம் இன்னும் தெரியவில்லை, மரபணு ஆலோசனை தேவை"ன்னு எழுதறதுக்கு ஒரு பைசா செலவில்லை. தெரியலைன்னு எழுதினா டிக்கெட் திறந்தே இருக்கும். யாராவது ஒருத்தர், என்னிக்காவது, எடுத்துப் பார்ப்பாங்க.

பெத்தவங்களுக்கு: ரிப்போர்ட் எல்லாத்தையும் பத்திரமா வையுங்க, ஸ்கேன் படத்தையும் சி.டி.யா வாங்கி வையுங்க, வெறும் எழுத்து ரிப்போர்ட் போதாது. ரெண்டாவது குழந்தைக்காகப் போகும்போது முதல் குழந்தை ஃபைலைக் கொண்டு போங்க. "டார்ச்"னு சொன்னா, ஐஜிஜியா ஐஜிஎம்மா, பி.சி.ஆர். எடுத்தாங்களா, எத்தனாம் நாள்லன்னு கேளுங்க. கேட்டா கோவிச்சுக்கிற டாக்டரும் இருப்பாங்க, பரவாயில்லை, கேளுங்க.

நம்ம வட்டத்துல குழந்தை மருத்துவர்கள் நாலைஞ்சு பேராவது எழுதறீங்க. உங்ககிட்ட ரெண்டே கேள்வி. உங்க வார்டுல பெனடிக்ட் கரைசல் பாட்டில் இருக்கா, கடைசியா எப்ப திறந்தீங்க? 21 நாளுக்குள்ள சி.எம்.வி. பி.சி.ஆர். அனுப்பணும்னா உங்க ஊர்லேர்ந்து எங்கே அனுப்பறீங்க, எவ்வளவு ஆகுது? ஊர் பேரோட பின்னூட்டத்துல போடுங்க, ஒரு பட்டியலாத் தொகுத்துத் தனிப் பதிவா போட்டுடறேன். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி பக்கம்னா முதல்ல.